பொட்டுக்குப் பின்னால் ஒரு வேதிப்பொருள்

பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்பீனால் ஒரு வெண்ணிறத் திண்மம். அதன் மூலக்கூறில் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. இதையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்யும் பிசின், செருப்பு, கைக்கடிகாரப் பட்டை போன்றவற்றின் பசையில் பயன்படுகிறது. ஸ்டிக்கர் பொட்டின் பசையிலும் இருக்கலாம்.

டொராண்டோவுக்கு வந்திருந்த என் அம்மாவின் நெற்றியில், பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்திருந்தது. வெண்குஷ்டமோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல், இன்னும் பெரிய பொட்டை ஒட்டி மறைத்திருக்கிறார். தோல் மருத்துவர் முதலில் கேட்டது பொட்டு அட்டையைத்தான். பசையில் என்ன இருக்கிறதென்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஒவ்வாமையைக் கண்டறிய, இப்பிசினை 1 சதவீதம் பெட்ரோலியம் ஜெல்லியில் கலந்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள். சிவந்து தடித்தால் ஒவ்வாமை.

வெளுப்பு வேறு விஷயம். தோலின் நிறமிக்கு மூலப்பொருளான டைரோசினை ஒத்த அமைப்புடையது இந்தப் பீனால். அதனால் நிறமணுக்களையே அழிக்க வல்லது. இதற்கு ஒவ்வாமை அவசியமில்லை. ஆகவே சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பொட்டு நிரபராதி ஆகிவிடாது. பொட்டுப் பசையில் பிசினோடு சேராத பீனாலே நிறமிழப்புக்குக் காரணமாவதை, 1990ல் ஏ.கே. பஜாஜும் சக மருத்துவர்களும் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள்.

பொட்டை நிறுத்தினால் சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. எனவே வெளுப்பைக் கண்டால் பொட்டால் மறைக்காதீர்கள். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.