குளிர்கால மலையும் வெயில் காய்தலும்

மலைநகரத்தைத் தமிழில் ‘கோடை வாசஸ்தலம்’ என்கிறோம். பாடநூலும் நாளிதழும் சுற்றுலா விளம்பரமும் ஒருசேரக் கையாளும் இச்சொல்லுக்குள் ஒரு நாட்காட்டி இருக்கிறது. கோடையில் ஏறி வசிக்க வேண்டிய இடமே மலை. மற்ற மாதங்களில் அங்கு வேலை இல்லை. யாருடைய கோடை, யாருடைய வசிப்பு என்பதைச் சொல் கூறுவதில்லை. தில்லியிலிருந்து மார்கழியிலும் தையிலும் மலையை நோக்கி வாகனங்கள் நிரம்பிச் செல்லும் இக்காலத்தில் அந்த நாட்காட்டி பொருந்தாமல் போய்விட்டது. அது எப்போது வந்தது, எவ்வாறு மாறியது என்பதைப் பற்றியே இக்குறிப்பு.

தமிழ் இலக்கண மரபு மலைக்கு வகுத்த பருவம் கோடை அன்று. தொல்காப்பியத்தின் அகத்திணையியல் குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் உரிமையாக்கி, முன்பனியையும் அவற்றுடன் சேர்க்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. வேனில் பாலைக்குப் போய்விட்டது. ஆறு பருவங்களுள் குளிரும் இருளும் மிக்கவற்றை மலைக்கென ஒதுக்கியதற்கு அகமரபிலேயே காரணம் உண்டு. களவுக் காலத்தில் தலைவியைக் காண நள்ளிரவில் வரும் தலைவனின் வழி அப்பருவத்தில்தான் மிக அரியதாகிறது; வழியின் அருமை கூடக்கூட வருகையின் பெறுமானமும் கூடுகிறது. இலக்கண நூல் சுற்றுலாவைப் பேசவில்லை என்பது வெளிப்படை. ஆயினும் குளிரில் மலைவழியே வரும் ஒருவனை நடுவில் வைத்தே அத்திணை கட்டப்பட்டிருக்கிறது. (கூதிர் என்ற சொல் வழக்கிழந்தாலும் அதன் உறவான ‘கூதல்’ தென்மாவட்டப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது.)

இம்மரபுக்கும் ‘கோடை வாசஸ்தலம்’ என்ற சொல்லுக்கும் இடையே நிற்பது ஒரு நிர்வாக முடிவு. 1864இல் வைசிராயாகப் பொறுப்பேற்ற ஜான் லாரன்ஸ் சிம்லாவை அரசின் அதிகாரபூர்வக் கோடைத் தலைநகராக்கினார். கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 1,200 மைல் தொலைவில் இருந்த ஒரு மலைமுகட்டுக்கு, ஆண்டுதோறும் வெயில் தொடங்கும்போது கோப்புகளும் எழுத்தர்களும் ஏறினார்கள். அக்டோபர் வாக்கில் இறங்கினார்கள். சென்னை மாகாண அரசு தன் பங்குக்கு உதகைக்கு ஏறியது. மலையிலிருந்து நடந்த இந்த ஆட்சியை ஐந்நூறாவது மாடியிலிருந்து நடக்கும் ஆட்சி என்று காந்தி 1921இல் இடித்துரைத்தார். 1911 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபடி தலைநகரம் தில்லிக்கு மாற்றப்பட்டபோது இந்த ஏற்றஇறக்கம் நிற்கவில்லை; தொலைவு குறைந்ததால் எளிதாயிற்று. 1903இலேயே கால்கா–சிம்லா இருப்புப் பாதை வந்துவிட்டது.

இதிலிருந்து பெறப்படும் ஒன்றை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. நடைமுறையில் புதுதில்லி ஒரு குளிர்காலத் தலைநகரம். அகன்ற புல்வெளிகளும் தோட்டங்களும் அணிவகுப்புச் சாலையும் குளிர்கால நண்பகலின் இதமான வெயிலில்தான் பொருள்படுகின்றன. அரசுப் பணிக்காக இந்நகருக்கு வந்த முதல் தலைமுறைத் தென்னிந்தியக் குடும்பங்கள் கண்டதும் அந்தத் தில்லியையே. குளிர்காலத்தில் இருக்கத் தகுந்த ஊர் தில்லி, நீங்கத் தகுந்த இடம் மலை என்பது அன்றைய பொது அறிவு.

மலைமக்களின் நாட்காட்டியும் மேலோட்டமாகப் பார்த்தால் இதே திசையில்தான் நகர்ந்தது. கத்தி இடையர்கள் பர்மௌரின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களிலிருந்து காங்க்ராவின் தாழ்வான பகுதிகளுக்கு ஆடுகளுடன் இறங்குகிறார்கள். வன குஜ்ஜர்கள் எருமைகளோடு சிவாலிக் அடிவாரத்துக்கு வருகிறார்கள். தெய்வங்களும் விலக்கல்ல. தேவாரம் பாடிய கேதாரத்தின் குளிர்கால வழிபாடு ஊகிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலில் நடக்கிறது. பத்ரிநாத் நடைசாத்தியபின் ஆதிசங்கரரின் இருக்கை ஜோஷிமடத்து நரசிம்மர் கோயிலுக்கு இறங்குகிறது; வைணவர் திருப்பிரிதி எனப் போற்றும் திவ்வியதேசம் அது. ஆனால் இவர்கள் மலையை விட்டு நீங்குவதில்லை, மலைக்குள்ளேயே அடுத்த படிக்கு இறங்குகிறார்கள். பிரிட்டிஷ் அரசின் இறக்கத்தையும் இடையரின் இறக்கத்தையும் ஒன்றாக எண்ணுவது பிழை. ஒருவருக்கு மலை வெப்பத்திலிருந்து தப்பும் கருவி. மற்றவருக்கு அது மேலும் கீழுமாக அடுக்கப்பட்ட ஒரே வீடு.

அதே 1864ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்திச் சுவிட்சர்லாந்தில் ஒரு கதை வழங்குகிறது. சென் மோரிட்ஸ் ஊரின் விடுதி உரிமையாளர் யோகானஸ் பத்ருத், கோடை முடிந்து ஊர் திரும்பவிருந்த ஆங்கில விருந்தினர்களிடம் குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் வசந்தம் வரை தங்கினார்களாம். கதையின் நிறம் கூட்டப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் எதைக் காட்டி அழைத்தார் என்பது முக்கியம்: வெயிலை. இலண்டன் மூடுபனியில் மூழ்கியிருக்கும் மாதங்களில் மலைமாடத்தில் மேற்சட்டையின்றி அமரலாம் என்பதே அழைப்பு. அடுத்த ஆண்டு தாவோஸுக்குக் காசநோயாளிகள் குளிர்காலத்தில் வரத் தொடங்கினார்கள். பனிச்சறுக்குக்காரர்கள் பின்னர்தான் வந்தார்கள். ஒரே காலத்து ஆங்கிலேயர் ஆல்ப்ஸில் குளிர்காலத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது இமயத்தில் அதைப் பூட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தனர். மலையின் மதிப்பைச் சமவெளியின் துன்பமே நிறுவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தென்படவில்லை. இலண்டனின் துன்பம் குளிர்காலப் புகை. கல்கத்தாவின் துன்பம் கோடை.

இமயத்தில் சமவெளியினர் குளிர்காலத்திலும் தங்கிய ஓரிடம் உண்டு, காசநோய் மருத்துவமனை. நைனிதாலுக்கு அருகே பவாலியில் 1912இல் நிறுவப்பட்ட கிங் எட்வர்ட் சானடோரியம் அவற்றுள் புகழ்பெற்றது. அந்நோய்க்கு மருந்து இல்லாத காலம். பைன் காட்டின் காற்றும் வெயிலும் ஓய்வுமே சிகிச்சை. 1934 அக்டோபரில் கமலா நேரு அங்கே கொண்டுவரப்பட்டார். அவருக்கு அருகில் இருக்கட்டும் என்று ஜவாஹர்லால் அல்மோரா சிறைக்கு மாற்றப்பட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதையும் பவாலியில் கழித்த கமலா, 1935 மே மாதம் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மறுஆண்டு பிப்ரவரியில் லொசானில் காலமானார். குளிர்கால மலையின் நவீன வரலாற்றை எழுதுவோர் பனிச்சறுக்கிலிருந்து தொடங்குவதே வழக்கம். நுரையீரலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ஏனெனில் தில்லியின் இன்றைய குளிர்காலப் பயணமும் பெருமளவு நுரையீரலின் பயணமே. குளிர்கால இரவுகளில் தரை விரைந்து குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்குகிறது. அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்கிறது. வைக்கோல் தாள் எரிப்பின் புகையும் வாகனப் புகையும் கட்டுமானத் தூசியும் அந்த மூடிக்கடியில் சிக்கிக்கொள்கின்றன. 2016 நவம்பரில் இந்நகரின் பள்ளிகள் இதனால் மூடப்பட்டன. அதன்பின் அது ஏறத்தாழ ஆண்டுச் சடங்காகிவிட்டது. மூடிக்கு மேலே உயரும் மலைச்சரிவில் அதே நாளில் தெளிந்த வெயில் காய்கிறது. முசௌரியில் அக்டோபர் முதல் மாலைவேளைகளில் மேற்கு வானத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு தோன்றும். ‘விண்டர்லைன்’ என்று அதற்குப் பெயர். ஆண்டிறுதியில் அதன் பெயரால் ஒரு விழாவே நடக்கிறது. சமவெளியின் தூசும் புகையும் அடுக்காகப் படிந்து ஒளியை மாற்றுவதால் அக்கோடு தோன்றுகிறது என்பது பொதுவான விளக்கம். தாம் மூச்சுத்திணறி விட்டுவந்த படலத்தின் மேற்புறத்தைத் தில்லிவாசிகள் அங்கிருந்து படமெடுத்துக்கொள்கிறார்கள்.

உத்தராகண்டில் இப்பயணத்துக்கு இப்போது ஒரு பெயர் உலவுகிறது: ‘காம் தாபோ’ சுற்றுலா. 2025 மார்ச் 6 அன்று கங்கையின் குளிர்கால இருப்பிடமான முக்பாவுக்குச் சென்ற பிரதமர் ஹர்சில் கூட்டத்தில் இச்சொல்லை எடுத்தாண்டபின் அது நாளிதழ்களில் பரவலாயிற்று. மொழியியல் மாணவர்களுக்கு இச்சொல் ஒரு விருந்து. குமாவனி, கட்வாலி மொழிகளில் ‘காம்’ என்றால் வெயில். சமற்கிருத ‘கர்ம’ (வினைப்பொருள் தரும் சொல் அன்று, வெப்பப்பொருளது) பிராகிருதத்தின் வழியே தேய்ந்து இவ்வடிவம் பெற்றது. அதே வேரின் ஈரானியக் கிளையில் பாரசீக ‘கர்ம்’ பிறந்து, இந்தியில் ‘கரம்’ ஆகி, கரம் மசாலாவாக நம் அடுக்களை வரை வந்திருக்கிறது. ‘தாப்னா’ என்பது தணலிலோ வெயிலிலோ உடம்பைச் சூடேற்றிக்கொள்வது. தமிழில் நேர்நிகர் ‘காய்தல்’. வெயில் காய்கிறோம், நெருப்பருகே அமர்ந்தால் குளிர்காய்கிறோம். ‘காம் தாபோ’ என்றால் ‘வெயில் காயுங்கள்’. சிம்லா அலுவலகம் கட்டிய நாட்காட்டியை, மலையின் சொந்தச் சொல் இரண்டே அசைவில் தலைகீழாக்கிவிடுகிறது. அரசு விளம்பரத்தில் இத்தகைய ஒரு வட்டாரச் சொல் இடம்பெறுவது அரிது என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து அமரும் ஓய்வைக் குறித்த சொல் விற்பனைச் சரக்காகும்போது முற்றம் யாருக்கு மிஞ்சும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

பனியை நாடிச் செல்வது தனிக்கதை. 1920இல் பிளெஸ்ஸிங்டன் என்பவர் சிம்லாவில் தொடங்கிய சறுக்குத் தளம் இரவுக் குளிரில் இயற்கையாக உறையும் நீரை நம்பியிருந்தது. குல்மர்கில் 1927இல் பனிச்சறுக்குக் கழகம் தோன்றியது. இவை சிலரின் விளையாட்டுகளாகவே நெடுங்காலம் இருந்தன. பனி வெகுமக்களின் ஆசையானதற்குத் திரைப்படத்தையும் சாலையையும் காரணமாகக் கூறலாம். சாலையின் பங்கு அளவிடத்தக்கது. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாய் மூடியதும் லாஹௌல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய அரையாண்டு துண்டிக்கப்பட்டிருக்கும். நோயாளிகளுக்கு அது கொடுங்காலம். சுரங்கப்பாதை உயிர்காத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வயல்வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் ஹால்டா, பாக்லி போன்ற விழாக்கள் வீட்டுக்கு வீடு நடந்தன. வெளியார் வரமுடியாத காலம் அங்கே சமூகத்துக்கெனத் தனித்திருந்த காலம். இன்று மணாலியில் காலையுணவு முடித்துப் பள்ளத்தாக்கின் சிஸ்ஸுவில் பனியில் புரண்டுவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். குறிஞ்சித் தலைவனுக்கு இருந்த வழியருமை கணவாயோடு போயிற்று.

பனியும் உறுதியாக இல்லை. 2024 ஜனவரியில் குல்மர்க் சரிவுகள் வெறும் பழுப்பு நிறத்தில் கிடந்த படங்களை நாடே பார்த்தது. நம் உதகையிலும் தலைக்குந்தாவின் உறைபனிக்காக விடியலில் கூட்டம் சேர்கிறது. அதே உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிறது.

ஜோஷிமடத்துக்கு வருவோம். பத்ரியின் இருக்கை இறங்கி அமரும் அவ்வூரே அவுலிப் பனிச்சரிவுக்குச் செல்லும் வாயிலும் ஆகும். பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அமைந்த ஊர், பெருங்கட்டுமானம் கூடாது என 1976இலேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. 2023 ஜனவரியில், குளிர்காலம் உச்சத்தில் இருந்தபோது, அங்கே 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. மக்கள் வெளியேற்றப்பட்டனர், அவுலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது, விரிசல் கண்ட விடுதிகள் இடிக்கப்பட்டன. அந்தப் பிப்ரவரியில் அவுலியில் நடக்கவிருந்த தேசியப் பனிச்சறுக்குப் போட்டியும் கைவிடப்பட்டது; அதற்குச் சொல்லப்பட்ட காரணம், சரிவில் போதிய பனி இல்லை என்பது.