180 வயசு தாண்டியும் காய்க்கும் கொடிகள்... ஒருகாலத்தில் பிடுங்கினால் காசு!

1843-ல் நட்ட திராட்சைக்கொடி இன்னும் காய்க்கிறது என்றால் நம்புவீங்களா? தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் பரோசா பள்ளத்தாக்கு வந்துவிடும். அங்கே லாங்மைல் ஒயினரியின் 'ஃப்ரீடம்' தோட்டத்தில் இருக்கின்றன, அந்த ஷிராஸ் ரகக் கொடிகள். மத நெருக்கடியால் பிரஷ்யாவை விட்டு வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் நட்டவை.

இத்தனை வயசான கொடிகள் ஐரோப்பாவிலேயே அபூர்வம். காரணம், ஃபிலாக்ஸெரா என்ற குட்டிப் பூச்சி. வேரைத் தாக்கி, 1860-களில் தொடங்கி ஐரோப்பியத் தோட்டங்களைக் காலி செய்தது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்கும் வந்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. இன்றுவரை உள்ளே விடவில்லை. அங்கே சுற்றுலா போனால், செல்ஃபி ஆசையில் கொடி வரிசைக்குள் நுழைந்துடாதீங்க. ஷூவில் ஒட்டிய மண்ணிலேயே அந்தப் பூச்சி பயணம் செய்யும்!

பரோசாவில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடை காய்ச்சல். ஈரம் குறைவதால் பூஞ்சைத் தொல்லையும் குறைவு. ஆனால், வெயிலில் பழத்தின் சர்க்கரை கிடுகிடுவென ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. அதனால்தான் இங்கத்திய ஷிராஸில் ஆல்கஹால் 14, 15 சதவிகிதம் என்பது சகஜம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான அறுவடையில், பழம் சூடேறாமல் இருக்கப் பலர் ராத்திரியிலேயே பறிக்கிறார்கள். புளிப்பு போதவில்லை என்றால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள். அங்கே அதற்கு அனுமதி உண்டு.

ஷிராஸ் சாற்றுக்குப் பெரிதாக நிறம் கிடையாது. சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால், தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளிக் கட்டியாக்கிவிடும். தினமும் அதை அமுக்கிவிட வேண்டும், அல்லது அடியிலிருக்கும் சாற்றை எடுத்து மேலே ஊற்ற வேண்டும். பிறகு பிழிந்து, ஓக் பீப்பாயில் ஊறல்.

வயசான கொடிகளின் மகசூல் குறைவு. ஆனால், வேர் ஆழமாகப் போயிருப்பதால் மானாவாரியிலேயே தாக்குப்பிடிக்கும். பழத்தில் ருசி அடர்த்தி. இப்போது கொண்டாடப்படும் இந்தக் கொடிகளுக்கு 1980-களில் என்ன மரியாதை தெரியுமா? திராட்சை தேவைக்கு மேல் விளைந்தது, ஷிராஸுக்கு விலை இல்லை. கொடியைப் பிடுங்கினால் பணம் என்று அரசே அறிவித்தது. நூறு வயசுக் கொடிகளும் வேரோடு போயின. கடனில் நின்ற விவசாயியை இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்குச் சில வருடங்கள் முன்பே, 'விவசாயிகளிடம் பழம் வாங்காதே' என்று பீட்டர் லேமனிடம் சொன்னது அவர் வேலை பார்த்த நிறுவனம். வாய்மொழியாகக் கொடுத்த வாக்கை மீற மறுத்தவர், 1979-ல் தனி ஒயினரி தொடங்கி அந்தப் பழங்களை வாங்கினார். முதலில் வைத்த பெயர் 'மாஸ்டர்சன்', ஒரு நாடகத்தில் வரும் சூதாடியின் பெயர். செய்ததும் சூதாட்டம்தானே!

2009-ல் பரோசா ஒரு சாசனமே எழுதியது. 35 வயசு தாண்டினால் 'ஓல்டு', 70-க்கு 'சர்வைவர்', 100-க்கு 'சென்டினேரியன்', 125-க்கு 'ஆன்செஸ்டர்', அதாவது முன்னோர். ஆனால், இது சட்டம் இல்லை; விருப்பப்பட்டு ஏற்பதுதான். லேபிளில் வெறுமனே 'ஓல்டு வைன்' என்று இருந்தால், எந்த வருடம் நட்டது என்றும் போட்டிருக்கிறதா பாருங்க.