கிருமித் திரிபுகளுள் கொடியது எது?

2021ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா கிருமியின் திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டியது. அதுவரை இங்கிலாந்துக் கிருமி, தென்னாப்பிரிக்கக் கிருமி, இந்தியக் கிருமி என்றே செய்தித்தாள்கள் எழுதி வந்தன. நாட்டின் பெயரால் நோயை அழைப்பது அந்நாட்டு மக்கள்மீது பழி சுமத்துவதாகும். அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும், ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்ற வரிசை புதியதொரு மயக்கத்தைத் தோற்றுவித்தது. வகுப்பு ஏற ஏறப் பாடம் கடினமாவதுபோல், பின்வரும் எழுத்து முன்னதினும் கொடியது எனப் பலர் எண்ணலாயினர்.

வரலாறு அவ்வாறு செல்லவில்லை. பீட்டாவையே எடுத்துக் கொள்வோம். தடுப்பூசி தந்த எதிர்ப்பாற்றலுக்கு நழுவிச் செல்லும் திறன் அதற்கு இருந்தது. அதனால்தான் 2021 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா அஸ்திராசெனகா தடுப்பூசித் திட்டத்தை நிறுத்தி வைத்தது. அத்தகைய பீட்டா, சில மாதங்களில் டெல்டாவுக்கு இடம் கொடுத்து மறைந்தது. பரவும் வேகத்தில் டெல்டாவோடு அதனால் போட்டியிட இயலவில்லை.

இவ்வேகத்தின் பொருளை மாணவர்கள் ஓர் எளிய கணக்கால் உணரலாம். நூற்றுக்கு ஒருவரைக் கொல்லும் கிருமி ஆயிரம் பேரைப் பற்றினால் இறப்போர் 10 பேர். இருநூற்றுக்கு ஒருவரையே கொல்லும் கிருமி பத்தாயிரம் பேரைப் பற்றினால் இறப்போர் 50 பேர். தனி மனிதனுக்கு மென்மையாகத் தோன்றுவது ஊருக்குக் கொடியதாகிவிடுகிறது.

டெல்டாவோ வேகமும் கடுமையும் ஒருங்கே பெற்றிருந்தது. அது தொற்றியோர் மருத்துவமனை செல்ல நேரும் அபாயம் ஆல்பாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கென இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டனர். 2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் கட்டிலின்றி நோயாளிகள் காத்துக் கிடந்ததையும், உணவற்ற வீடுகளில் வெள்ளைக் கொடி பறந்ததையும் மலேசியர் எவ்வாறு மறப்பர்? ஜூன் இறுதியில் ஐயாயிரத்தைச் சற்றே கடந்திருந்த நாட்டின் இறப்பு எண்ணிக்கை, ஆண்டு முடிவில் 31,000ஐத் தாண்டியிருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் ஒமைக்ரான் அறிவிக்கப்பட்டது. டெல்டாக் காலத்தில் மலேசியாவின் ஒருநாள் தொற்று உச்சம் 24,599. 2022 மார்ச் 5ஆம் நாளோ 33,406 பேருக்குத் தொற்று பதிவாயிற்று. எனினும், 2022இன் முதல் ஆறு மாதங்களில் இறந்தோர் ஐயாயிரத்துக்கும் குறைவே. ‘ஒமைக்ரான் மென்மையானது’ என்னும் சொல் இங்ஙனமே பரவிற்று. கிருமியின் இயல்பில் தணிவு இருந்தது உண்மை. ஆனால் அது வந்தபோது மலேசியர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் தடுப்பூசி போட்டிருந்தனர் என்பதை அச்சொல் மறைத்துவிட்டது. டெல்டா தாக்கத் தொடங்கியபோது அக்கவசம் மிகச் சிலருக்கே வாய்த்திருந்தது. கவசமற்றவன் மீதும் கவசம் அணிந்தவன் மீதும் பட்ட அம்புகளை வைத்து, எந்த அம்பு கூரியது எனத் தீர்ப்பளிக்க முடியுமா?

இதற்கு விடையளித்த ஊர் ஹாங்காங். கடுமையான கட்டுப்பாடுகளால் முதல் இரண்டாண்டுகளில் அங்கு இறந்தோர் இருநூற்றுச் சொச்சம் பேரே. அந்த வெற்றியே முதியோரை அசட்டையாக இருக்கச் செய்ததோ என்னவோ, 2022 தொடங்கியபோது 80 வயதைக் கடந்தோருள் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. அந்நிலையில் ஒமைக்ரான் நுழைந்தது. ஏப்ரல் இறுதிக்குள் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். முதியோருக்கு முன்னரே பெருமளவில் தடுப்பூசி போட்டிருந்த சிங்கப்பூரில், அதே நான்கு மாதங்களில், அதே ஒமைக்ரானால் இறந்தோர் சில நூறு பேர்.