எரிந்ததற்குக் கணக்கு இருக்கிறது, விட்டு வந்ததற்கு?

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதையைக் கேள்விப்படாத தமிழ் வாசகர் யாரும் இருக்க மாட்டார்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கிய நாட்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யூன் 1 வரை எரிந்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் சாம்பலாகின. ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும்போது முகநூல் முழுக்க அந்தக் கட்டடத்தின் கறுத்த சுவர்கள்தான். தில்லையடியில் இருக்கிற நாங்களும் அந்தப் படங்களைப் பகிர்கிறோம். அந்த இழப்பு எங்கட இழப்பும்தான்.

பகிர்ந்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதே யாழ்ப்பாணத்தில், ஒன்பது வருடங்கள் கழித்து, இன்னொரு நூலகமும் இல்லாமல் போனது. அதற்குக் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, எத்தனை புத்தகம் என்ற கணக்கும் இல்லை. அது வீடுகளின் அலுமாரிகளில் இருந்தது.

முதலில் எங்கட ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தில்லையடி என்றதும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வள்ளியம்மைதான் ஞாபகம் வருவார். இது அந்த ஊர் இல்லை. இது புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இருக்கிற தில்லையடி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் முழுப்பேரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். நகைகளும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார்ப் பக்கத்து மக்கள் பலர் கடலால் கற்பிட்டிக்கு வந்தார்கள். மற்றவர்கள் வவுனியா வழியாக வந்தார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். அப்படி வந்தவர்கள் குடியேறிய இடங்களில் தில்லையடியும் ஒன்று.

இரண்டு மணித்தியாலத்தில் யார் புத்தகம் எடுப்பார்? பிள்ளையைத் தூக்குவார்கள், மாற்றுடுப்பு எடுப்பார்கள். கிதாபுகளும் அரபுத்தமிழ் ஏடுகளும் பாடக் கொப்பிகளும் கட்டி வைத்த பழைய சஞ்சிகைகளும் அங்கேயே கிடந்தன. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடம் அப்படி என்ன வாசிப்பு இருந்திருக்கப் போகிறது என்று யாராவது கேட்டால், ஒரு பெயரைச் சொல்லலாம். ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமாகி, பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானவர், தமிழில் நூல்கள் எழுதியவர். அவர் வெறும் மணலில் இருந்து முளைத்தவர் இல்லை. அவரை உருவாக்கிய ஒரு வாசிக்கும் ஊர் இருந்தது.

97,000 என்று இன்று நாங்கள் சொல்கிறோமே, அந்த எண்ணைச் சொல்ல ஏன் முடிகிறது? அங்கே நூலகர்கள் இருந்தார்கள் என்பதால்தான். நூலகர் என்றால் புத்தகத்தை எண்ணி, இலக்கம் போட்டு, யாருடையது, எந்த வருடத்தது என்று பதிந்து வைக்கிறவர். பதியப்பட்ட பொருள் அழிந்தால் அதற்குச் சாட்சி இருக்கும். பதியப்படாத பொருள் அழிந்தால், அது இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

அந்த நூலகமே ஒரு வீட்டு அலுமாரியில்தான் தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. 1933 இல் கே.எம். செல்லப்பா தன் சொந்தப் புத்தகங்களைத் தன் வீட்டிலிருந்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஒரு குழு சேர்ந்து 844 நூல்களோடும் ஏறத்தாழ 30 பத்திரிகை, சஞ்சிகைகளோடும் ஓர் அறையில் நூலகத்தைத் திறந்தது. 1950களில் புதிய கட்டடம் எழுப்பும்போது ஆலோசனை சொல்ல வந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்.

ரங்கநாதனின் கதை எங்களுக்கு இன்னொரு வகையில் முக்கியம். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதுவரைக்கும் உலகின் பல இடங்களில் நூலகர் என்றால் காவல்காரர் மாதிரி. ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டியே வைத்திருந்தார்கள். 1931 இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இதைத் தலைகீழாக்கின. புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். அதே 1931 இல் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. ஆட்கள் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் ஆட்களிடம் போகும்.

ஆக, நூலகரின் வேலை முதலில் காப்பதாக இருந்தது, பிறகு கொண்டுபோய்ச் சேர்ப்பதானது. 1981 க்குப் பிறகு தமிழர் மத்தியில் மூன்றாவது வேலை ஒன்று பிறந்தது: தேடிப் பதிவது. நூலகரான என். செல்வராஜா லண்டனில் இருந்துகொண்டு ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாகத் தேடி ‘நூல்தேட்டம்’ என்ற பெயரில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். தொகுதிக்கு ஆயிரம் நூல். கல்வியாளர் எஸ்.எச்.எம். ஜெமீல் இலங்கை முஸ்லிம்களின் நூல்களுக்கு ‘சுவடி ஆற்றுப்படை’ என்று ஒரு பட்டியலே செய்தார். 2005 இல் சில இளைஞர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தை இன்று கம்பஸில் அசைன்மென்ட் எழுதுகிற நாங்கள் எல்லாரும் பாவிக்கிறோம். அவர்கள் யாரிடமும் பெரிய கட்டடம் இருக்கவில்லை.

இப்படி வேலை செய்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. 1992 மேயில் சரயேவோ நகரின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் குண்டுவீச்சில் எரிந்தது. அரபு, பாரசீகம், ஒஸ்மானியத் துருக்கி மொழிகளில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் போயின. அதற்குப் பிறகு வெளிநாட்டில் இருந்த சில ஆய்வாளர்கள் ஓர் எளிய யோசனையோடு வந்தார்கள். முன்பு அந்த நூலகத்துக்குப் போய்ப் படித்தவர்கள் போட்டோகொப்பியும் மைக்ரோபிலிமும் எடுத்திருப்பார்கள்தானே? அவற்றை உலகம் முழுக்கத் தேடத் தொடங்கினார்கள். மூலம் எரிந்துவிட்டது. ஆனால் வாசித்தவர்களிடம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

இந்த யோசனையைத்தான் தில்லையடிக்கு நாங்கள் கேட்கிறோம். விட்டு வந்த புத்தகங்கள் திரும்பி வராது. ஆனால் வாசித்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். 1990 இல் முப்பது வயதில் இருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். மூத்தம்மாவிடம் “என்ன விட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டால் வீட்டையும் நகையையும் கிணற்றையும் சொல்வார். “என்ன வாசிச்சீங்க?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஓதிய கிதாபின் பெயர் வரும், வாப்பா வாங்கிய பேப்பரின் பெயர் வரும், யாருக்கோ இரவல் கொடுத்துத் திரும்பி வராத புத்தகமும் வரும். அந்த இரவல் புத்தகம் இன்றும் யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ் வீட்டில் இருக்கலாம், முதல் பக்கத்தில் சொந்தக்காரரின் கையெழுத்தோடு.

இதற்குக் காசு தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு போனும் போதும். பெயர், ஊர், புத்தகம், எப்படி வந்தது, யார் வாசித்தது என்று ஐந்து நிரல். யாரிடமாவது ஒரு பழைய ஏடு மிஞ்சியிருந்தால் படம் எடுத்து, டிஜிட்டல் ஆவணகங்களுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நூலகம் கட்டித் தரச் சொல்லி மகஜர் எழுதுவதும் அவசியம்தான். ஆனால் கட்டடம் வரும்வரை இந்த வேலை காத்திருக்காது, ஞாபகம் அவ்வளவு நாள் நிற்காது.

1981 ஐயும் 1990 ஐயும் தராசில் வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. செய்தவர்கள் வேறு, செய்த விதம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் பறிபோனது தமிழில் வாசித்த மக்களின் சொத்து. ஒன்றுக்கு எண் இருக்கிறது, படம் இருக்கிறது, வருடாந்தம் நினைவுகூர ஒரு நாள் இருக்கிறது. மற்றதற்கு இன்னும் ஒரு பட்டியல்கூட இல்லை. அந்தப் பட்டியலின் முதல் வரியை எழுத நூலகவியலில் பட்டம் வேண்டியதில்லை. செல்லப்பா தொடங்கியதும் வீட்டில் இருந்துதான்.