திறந்து பார்க்கக்கூடிய கணினி எங்கே?

கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இயங்குதளம், சொற்செயலி, உலாவி என எல்லாவற்றுக்கும் கட்டற்ற மென்பொருள் உண்டு. பலவற்றைத் தமிழிலேயே பாவிக்கலாம். ஆனால் அத்தகைய மென்பொருளால் மட்டுமே இயங்கும் ஒரு கணினியைக் கடையில் வாங்க முடியுமா என்று கேட்டால், மட்டக்களப்பில் மட்டுமல்ல, சென்னையிலும் இலண்டனிலும் கடைக்காரர் கையை விரிப்பார். இந்நிலை உருவானதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

எங்கள் கரையோரம் இந்த வரலாற்றுக்கு வெளியே நின்றதல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருந்த நாவலடி, கல்லடி, காத்தான்குடி ஆகிய ஊர்களை ஆழிப்பேரலை தாக்கியது. காணாமற்போனோர், முகாம்களில் தங்கியோர், நிவாரணப் பொருள்கள் பற்றிய விபரங்களை ஒழுங்குபடுத்த, இலங்கைக் கணினி வல்லுநர்கள் சில வாரங்களுக்குள் தன்னார்வமாக எழுதிய மென்பொருளே ‘சஹானா’. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. எனினும் அம்மென்பொருள் ஓடிய கணினிகள் சாதாரணமானவையே. அவற்றை எழுப்பி இயக்கும் அடிநிலை நிரல்கள், உற்பத்தியாளரைத் தவிர வேறெவரும் படிக்க முடியாதவை.

இந்த இயக்கமே ஒரு வன்பொருளால் பிறந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். 1980ஆம் ஆண்டளவில் எம்.ஐ.டி. ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி வந்தது. தாள் சிக்கினால் பாவனையாளருக்கு அறிவிக்கும் வசதியைப் பழைய பொறிக்குச் செய்து வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பொறிக்கு அதைச் செய்ய மூலநிரல் கிடைக்கவில்லை. அந்த அனுபவம் அவரை 1983 செப்டம்பரில் ‘குனூ’ திட்டத்தை அறிவிக்கும் இடம்வரை கொண்டுசென்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவும் அதனோடு சேர, முழுமையான கட்டற்ற இயங்குதளம் கைக்கு வந்தது.

அதற்குள் பூட்டு வேறிடத்துக்கு நகர்ந்திருந்தது. வைஃபை, வரைகலை போன்றவற்றுக்கான சில்லுகள் ஒவ்வொன்றும் தம்மளவில் ஒரு சிறு கணினியாகின. அவற்றுக்குள் ஓடும் நிரலை நிலைபொருள் என்கிறோம். உற்பத்தியாளர்கள் அதை இயந்திர மொழியில் மட்டுமே தருகிறார்கள். ஈய எழுத்துக்களை அச்சுக்கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். அச்சியந்திரம் நின்றுபோனால், திருத்துநர் மூடியைக் கழற்றிக் கோளாறைக் கண்டுபிடிப்பார். இன்றைய பெட்டியின் மூடியைக் கழற்றினாலும் உள்ளிருக்கும் நிரல் தெரிவதில்லை.

நல்ல எண்ணத்துடன் தொடங்கியவர்களும் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென 2007இல் உற்பத்திக்கு வந்த ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின் கணினி, பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளாலேயே இயங்கியது. ஆனால் அதன் வைஃபை சில்லின் நிலைபொருள் மூடியதாகவே இருந்தது. கொள்கைப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற டெபியன் குழுவினர்கூட, மூடிய நிலைபொருளையும் தமது நிறுவல் வட்டில் சேர்ப்பதென 2022இல் வாக்களித்து முடிவெடுத்தனர். அது இல்லாமல் பல புதிய கணினிகளில் நிறுவும் வேலையே முடங்கியது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. முழுச் சுதந்திரத்துக்கு மிக அருகில் வருபவை பழைய கணினிகளே. 2006இல் வெளியான திங்க்பேட் எக்ஸ்60 மடிக்கணினியின் பயாஸை நீக்கி, ‘லிப்ரேபூட்’ என்ற கட்டற்ற நிரலைப் பொருத்தலாம். அவ்வாறு மாற்றி விற்கப்பட்ட கணினிக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2013 டிசம்பரில் சான்றளித்தது. 2008இல் வந்த எக்ஸ்200 வரை, இன்டெல் சில்லுத்தொகுதியில் அமர்ந்திருக்கும் ‘மேலாண்மைப் பொறி’யை முற்றாக அகற்ற முடிந்தது. பிந்தைய இன்டெல் கணினிகளில் அது இயலாது. பாவித்த கணினிகளை வாங்கியும் நன்கொடையாகப் பெற்றும் காலந்தள்ளும் எங்கள் பகுதிப் பாடசாலைகள் இதைக் கவனிக்க வேண்டும். குப்பை என்று ஒதுக்கப்படும் மடிக்கணினி, மாணவர் முழுமையாகப் படித்தறியக்கூடிய ஒரே கணினியாக இருக்கலாம்.

புதிய வழியும் திறந்திருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ‘ரிஸ்க்-ஃபைவ்’ கட்டளைத் தொகுதியை எவரும் அனுமதி கேளாமல் பயன்படுத்தலாம். அதன்மீது சென்னை ஐ.ஐ.டி. ‘சக்தி’ என்ற செயலியை வடிவமைத்து, அவ்வடிவமைப்பைப் பகிரங்கமாக வெளியிட்டது. 2018இல் அச்சில்லில் லினக்ஸ் ஓடியது. செயலி திறந்தாலும், அதைச் சுற்றியுள்ள ஏனைய சில்லுகளும் திறக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் இத்துறையில் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு காலடி எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.

இது கணினிக்காரர்களின் பிடிவாதம் என்று நினைப்போருக்கு, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை நினைவூட்ட விரும்புகிறேன். யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் சென்றபின், சிலப்பதிகாரத்திலும் பிற நூல்களிலும் இருந்த குறிப்புகளைக் கொண்டு அதன் உறுப்புகளையும் சுருதிக் கணக்கையும் அவர் மீட்டெடுத்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். செய்த கைகள் மறைந்த பின்னும் அக்கருவி மீண்டதற்குக் காரணம், அதன் அமைப்பை முன்னோர் எழுதி வைத்ததுதான். இன்று நம் மேசைமீதிருக்கும் கருவிக்கு அத்தகைய குறிப்பு இல்லை. அதைச் செய்த நிறுவனம் கைவிட்டால், அதைத் திருத்த எவராலும் முடியாது. நம் நூல்களையும் ஆவணங்களையும் இத்தகைய பெட்டிகளிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த கணினியை வாங்கும்போதும் நன்கொடையாக ஏற்கும்போதும், விலையோடு இந்தக் கேள்வியையும் கேட்போம்.