கழுத்து நீர்க்கட்டியில் எழும் புற்று: எவ்வளவு வெட்டுவது?

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்குகிறது. அது வந்த வழியில் உள்ள நாளம் பத்தாவது வாரத்துக்குள் மறைந்துவிட வேண்டும். மறையாமல் தங்கிய பகுதியில் நீர் கோத்தால் உண்டாவதே தைரோகுளோசல் நீர்க்கட்டி. கழுத்தின் நடுவில் இருக்கும், நாக்கை நீட்டினால் மேலேறும். இவற்றில் நூற்றுக்கு ஒன்றில்தான் புற்று எழுகிறது. அப்படி எழுந்திருப்பது பெரும்பாலும் அறுவை முடிந்து திசுப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகே தெரிகிறது. ஆகவே, சாதாரணக் கட்டி என்று எண்ணிச் செய்யும் முதல் அறுவையே புற்றுக்கான அறுவையாகவும் அமைந்துவிடுகிறது.

இந்தப் புற்று அங்கேயே பிறந்ததா, தைராய்டிலிருந்து பரவியதா என்பது பழைய விவாதம். இவற்றில் பத்தில் எட்டுக்கு மேல், தைராய்டுப் புற்றின் பாப்பில்லரி வகை. மெடுலரி வகை இங்கே தோன்றுவதில்லை. மெடுலரி புற்றுக்கு மூலமான சி செல்கள் கருவில் வேறிடத்திலிருந்து தைராய்டுக்கு வந்து சேர்பவை. இந்த நாளத்தின் வழியே அவை வருவதில்லை. நாளச் சுவரில் தங்கிய தைராய்டுத் திசுவிலேயே புற்று பிறக்கிறது என்ற கருத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தென்படவில்லை.

மேயோ மருத்துவமனையின் வால்டர் சிஸ்ட்ரங்க் 1920-இல் விவரித்த அறுவையின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. கட்டியோடு ஹையாய்டு எலும்பின் நடுப்பகுதியையும், நாக்கின் அடிவரை செல்லும் திசுவையும் சேர்த்து எடுக்கும் முறை அது. நாளத்தின் நுண்கிளைகள் எலும்பை ஒட்டி ஓடுகின்றன. கட்டியை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திரும்ப வரும். இம்முறையில் அது சில விழுக்காடாகச் சுருங்குகிறது.

தைராய்டையும் முழுதாக எடுக்க வேண்டுமா? பட்டேல் குழுவினர் 2002-இல் 62 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தனர். பத்தாண்டு உயிர்வாழ்வு 95.6 விழுக்காடு, அதைத் தீர்மானித்தது சிஸ்ட்ரங்க் அறுவை செய்யப்பட்டதா என்பதே. தைராய்டை எடுத்தது கூடுதல் பயன் தரவில்லை. சுரப்பியிலும் புற்று ஒளிந்திருக்கலாம் என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் ஸ்கேனில் சுரப்பி சீராக இருந்து, புற்று சிறிதாக, கட்டியின் சுவரைத் தாண்டாமல், நெறிக்கட்டு இல்லாமல் இருந்தால் கண்காணிப்பே போதும் என்பது என் முடிவு.

தர்மபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளி வட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கும்போது இம்முடிவு மேலும் உறுதிப்படுகிறது. சுரப்பியை இழந்தவர் வாழ்நாள் முழுவதும் தினமும் தைராக்ஸின் விழுங்க வேண்டும். கால்சியம் குறைந்து விரல்கள் இழுத்துக்கொள்ளவும் கூடும். ரத்தப் பரிசோதனைக்காகத் தர்மபுரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். தேவையுள்ளவருக்கு இச்சுமை தகும். தேவையற்றவர் மீது ஏற்றுவது தவறு.

கழுத்தின் பக்கவாட்டுக் கட்டிக்கு இந்த நிதானம் பொருந்தாது. 1882-இல் ஃபோல்க்மன் அதில் எழும் புற்றை விவரித்தார்; ஆனால் அப்படிப் பெயரிடப்பட்டவற்றில் பல, தொண்டைச் சதையிலோ (டான்சில்) நாக்கடியிலோ ஒளிந்த புற்று நெறிக்கட்டுக்குப் பரவியவை எனப் பின்னர் தெரிந்தது. நாற்பதைக் கடந்தவருக்குப் பக்கக் கழுத்தில் புதிதாக நீர்க்கட்டி தோன்றினால், பிறவிக் கட்டி என்று முடிவுகட்டுமுன் தொண்டையைத் தேடிப் பார்த்தாக வேண்டும்.

நடுக்கட்டிக்குக் கத்தி வைக்குமுன் தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பது கட்டாயம். சிலருக்கு அந்தக் கட்டியில் உள்ளதே உடலின் ஒரே தைராய்டுத் திசு. எடுத்த கட்டி எவ்வளவு சிறிதாயினும், சுவரில் தடிப்போ சுண்ணாம்புப் படிவோ கண்டால் அதைக் குறித்து, திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; அறிக்கை வந்ததும் நோயாளியின் ஊருக்குத் தகவல் போய்ச் சேரும் வரை அது அறுவை மருத்துவரின் பொறுப்பு.