புறப்படும் நாள் வரை வேலை

உழைக்க அனுமதி உண்டு. வாழ உரிமை இல்லை. இந்த இரண்டையும் ஒரே மனிதன் தலையில் சுமத்த முடியுமா? முடியும் என்பதைச் சட்டப்படியே செய்து காட்டியது இலங்கை மலைநாட்டின் வரலாறு.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து குருணாகலை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர் கலகெதர. தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் விளையும் நடுநாட்டுப் பிரதேசம் அது. இப்பகுதியில் சிங்களக் கிராமமும் தோட்டத்து லயமும் அருகருகே அமைந்தவை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் மேட்டுநிலத்தை இழந்த கிராமத்தவனும், கடல் கடந்து கொண்டுவரப்பட்டு அந்த நிலத்திலே உழைத்த தோட்டத் தொழிலாளியும் ஒரே சுரண்டலின் இரு முகங்கள். ஆனால், ஒருவனை மற்றவனுக்கு எதிராக நிறுத்துவதே அரசியலாயிற்று.

தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை தொடக்கம் முதலே ஏதேனும் ஒரு துண்டுச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. 1901இல் தகரத் துண்டு வந்தது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவன் எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டியவன் என்பதை அது சொல்லிற்று. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' இன்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக இயலாது. இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, அதன் இடத்துக்கு வேறு காகிதங்கள் வந்தன.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிலேயே பிறந்தவர்களையும் பரம்பரைச் சான்று இல்லை என்று கூறி வெளியே நிறுத்தியது. மறு ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ், 1951 ஓகஸ்டு மாதக் கெடுவுக்குள் 2,37,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அவை எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோரைக் குறித்தவை. 1964 வரை ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களோ ஏறத்தாழ 1,34,000 பேர்தாம். தொடர்ந்து குடியிருந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்கப்பட்டது. பிறப்பைப் பதியாதவன், எழுத்தறியாதவன், லயத்துக்கு வெளியே முகவரி இல்லாதவன் சான்றுக்கு எங்கே போவான்? ஆயினும், நாட்டின் அந்நியச் செலாவணியைப் பெரும்பகுதி ஈட்டித் தந்த கைகள் அவனுடையவையே. நாடற்றவன் என்று அவனை விலக்கிய அரசு, அவன் பறித்த கொழுந்தை ஒருநாளும் விலக்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கிடப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது. 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. 1974இல் அந்த எஞ்சியோரையும் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

இந்த எண்களைப் பலரும் அறிவர். ஆனால், அதே ஒப்பந்தத்தில் வேலை பற்றி ஒரு பிரிவு உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட இருப்பவர்களுக்கு, இலங்கையில் தங்கும் காலத்துக்குக் கட்டணமின்றி விசா வழங்கப்படும். ஒப்பந்த நாளில் வேலையில் இருப்பவர்கள், அவர்கள் அனுப்பப்படும் நாள் வரை, அல்லது 55 வயது அடையும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, வேலையில் தொடரலாம்.

மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இது கருணையாகத் தோன்றும். சற்று நிதானித்துப் பார்ப்போம். கப்பலேறும் நாள் வராமலே 55 வயது வந்துவிட்டால் என்ன செய்வது? அவன் நாட்டில் இருக்கலாம். வேலையில் தொடர்வதற்கு ஒப்பந்தம் உறுதி தராது. அந்த ஒக்டோபர் நாளில் சிறுவனாக இருந்து, பின்னர் உழைக்கும் வயதை எட்டியவன் கதி என்ன? அவனைப் பற்றி இப்பிரிவு பேசவே இல்லை. வலுவுள்ள காலம் வரை உழைப்பு வேண்டும். முதுமையும் அடுத்த தலைமுறையும் வேண்டா. தோட்ட நிர்வாகத்தின் தேவைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு விதி அமைய முடியுமா? ஊழியர் சேமலாப நிதி உள்ளிட்ட சொத்துகளைக் கொண்டுசெல்வதிலும் ஒரு வரையறை இருந்தது: ஒரு குடும்பத்துக்குரிய உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்பதே அளிக்கப்பட்ட உறுதி.

காத்திருப்பும் தொழிலாளியின் கையில் இல்லை. 1967இல் இயற்றப்பட்ட சட்டம் இந்தியப் பிரஜாவுரிமை வழங்கப்பட்ட எண்ணிக்கையைக் கணக்காகக் கொண்டது. 1971இன் திருத்தமோ நாட்டை விட்டு உண்மையில் வெளியேறியோரையே கணக்கிட்டது. எனவே, ஒரு லயத்தில் ஒரு குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமை பெறுவது, எங்கோ மற்றொரு குடும்பம் கப்பலேறுவதைச் சார்ந்ததாயிற்று. கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு, இலங்கை அலுவலகத்தில் விசா, தோட்டத்தில் கணக்கு முடிப்பு என மூன்று மேசைகளுக்கு இடையே மனிதன் நின்றான். புறப்படும் நாள் குறிக்கப்பட்டவன் கூலி உயர்வுக்கு எப்படிப் போராடுவான்? ஒழுகும் கூரையை மாற்றித் தா என்று துரையிடம் எந்தத் துணிவில் கேட்பான்? காலவரையறையுள்ள அனுமதி, தொழிற்சங்கத்தின் முதுகெலும்பையும் முறிக்கவல்லது.

இவ்விடத்தில் இடதுசாரிகளாகிய நாம் ஓர் உண்மையைக் கூறியே ஆக வேண்டும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்களுள் இடதுசாரிகள் முன்னின்றனர், அது பெருமை. 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசில் சேர்ந்தது. ஒக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அக்கட்சி அமைச்சரவையில் இருந்தது. எதிர்த்த கைகளே ஏற்றுக்கொண்ட கைகளும் ஆயின. வர்க்க ஒற்றுமை நாற்காலிக்கு முன் ஏன் தளர்ந்தது என்ற கேள்வியை மாணவர்கள் கேட்கட்டும். ஆசிரியர்கள் மழுப்பாமல் விடை கூறட்டும்.

எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1972இல் தனியார் காணிகளும் 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்கு மாறின. நடுநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில், நிலம் கைமாறியபோது அங்கே உழைத்தவன் வெளியேற்றப்பட்டான். 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் லயங்களில் உயிர்களைப் பறித்தது. விசாக் காலம் கடந்தவர்கள் பொலிஸாரால் பிடிக்கப்பட்டுக் கோச்சியில் ஏற்றப்பட்டனர். நேற்று வரை சட்டப்படி உழைத்தவன், முத்திரையின் தேதி கடந்ததும் குற்றவாளியானான். அவன் செய்த வேலை அதேதான்; மாறியது காகிதம் மட்டுமே.

1984இல் போர்ச் சூழலால் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன், காலாவதியான விசாவுடன், பல்லாயிரவர் மலைநாட்டிலேயே தங்கினர். இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. இந்தியக் கடவுச்சீட்டுடன் தங்கிவிட்டவர்களும் ஒரு பிரகடனத்தின் மூலம் அதைப் பெற வழி செய்தது. எந்த நாளில் அவர்கள் பங்கிடப்பட்டார்களோ, அதே நாள் உரிமையின் அளவுகோலாயிற்று. இடையில் கழிந்தவை 39 ஆண்டுகள்.

இது முடிந்துபோன கதை என்று எண்ணிவிட வேண்டா. இன்று கண்டி மாவட்டத்திலிருந்து சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லா இனத்துப் பெண்களும் ஆண்களும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே அவர்களுடைய தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவர் பெரும்பாலும் முதலாளியே. அவர் தவறினாலும், சட்டத்தை மீறியவராகக் கருதப்படுபவர் தொழிலாளியே. அன்று பக்கத்து லயத்துக்காரனின் காகிதத்தைத் தன் கவலையாகக் கருதாத கிராமத்தவனின் பேத்தி, இன்று அதே காகிதத்துக்காக அந்நிய நாட்டில் காத்திருக்கிறாள்.

உழைப்பை ஏற்கும் நாடு உழைப்பவனையும் ஏற்கக் கடமைப்பட்டது. அனுமதி தாமதமாவது அலுவலகத்தின் குறை. அதற்கான தண்டனையைத் தொழிலாளி சுமக்கலாகாது. கலகெதரவின் லயங்களும் கிராமங்களும் இந்தக் கோரிக்கையை ஒரே குரலில் எழுப்பும் நாளே நாம் வேண்டுவது.